சூப்புக்கும் காப்பிக்கும் நடுவே ஏறிய ஊர்

வெர்சோல் கிராமம் மலையேறத் தொடங்கிய வருஷம் அங்கே தபால் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்தான். ஆகையால் இந்தக் கதையை வேறு யார் சொன்னாலும் பாதி நம்புங்கள், நான் சொன்னால் முக்கால்வாசி நம்பலாம். என் பெயர் அமலோற்பவம். பிறந்தது புதுச்சேரி. ஒரு எலுமிச்சம்பழத்தை வீதியில் வைத்தால் வைத்த இடத்திலேயே கிடந்து காய்ந்துபோகும், அவ்வளவு தட்டையான ஊர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்த என் வீட்டுக்காரர் சூசைநாதன், ஓய்வு பெற்ற கையோடு, "வெயிலு போதும் அமலோ, குளிர்ச்சியா ஒரு இடத்துல போயி இருப்போம்" என்று சொல்லி, என்னைக் கொண்டுவந்து ஆல்ப்ஸ் மலையின் இடுக்கில், ரிவால் என்ற ஊரில் விட்டார். அவர் சொன்ன குளிர்ச்சிக்கு என்ன அர்த்தம் என்பது முதல் டிசம்பரில்தான் எனக்கு விளங்கியது.

ரிவால் கீழே ஆற்றோரத்தில் இருக்கிறது. பாலம், தபால் நிலையம், ரொட்டிக்கடை எல்லாம் அங்கேதான். வெர்சோல் அதற்கு மேலே, சுவரில் ஆணியடித்து மாட்டிய மாதிரிச் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் சின்னக் கிராமம். கற்பலகைக் கூரை போட்ட சில வீடுகள், ஒரு கோயில், ஒரு நீரூற்று, ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே சாய்வாகத் தொங்கும் ஒரு வயல். வண்டிப் பாதை நடுவழியிலேயே மூச்சுவாங்கி நின்றுவிடும். அதற்கு மேல் கால்தான் வண்டி. எதிரே நிற்கிற முகட்டுக்குப் பெயர் மாமியார். நான் வைத்த பெயர் இல்லை, எனக்கு மாமியார் தங்கமானவர். கல்லறைத் திருநாள் முடிந்து மறுவாரம் சூரியன் அந்த முகட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டால், பிப்ரவரியில் மெழுகுதிரித் திருநாளுக்கு அப்புறம்தான் வெர்சோல்காரர்கள் தங்கள் நிழலையே பார்ப்பார்கள். நல்லதைத் தான் வைத்துக்கொண்டு மிச்சத்தை மருமகளுக்கு விடுகிற மலைக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்பார்கள்.

வரலாறு என்று பார்த்தால், உப்புக்கு ராஜா வரி போட்ட காலத்தில், வரி கட்ட மனமில்லாத சில குடும்பங்கள் ஒரு கழுதையோடும் ஒரு கோயில் மணியோடும் ரிவாலிலிருந்து ஏறத் தொடங்கி, கழுதை எந்த இடத்தில் இனி ஓர் அடியும் வைக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டதோ அந்த இடத்தில் ஊரைக் கட்டினார்கள் என்பதுதான் வரலாறு. வரி வாங்க வந்தவர் ரிவால் வரைக்கும் வந்து, அண்ணாந்து பார்த்து, அவர்கள் உப்பில்லாமலே சாப்பிடட்டும் என்று திரும்பிப் போய்விட்டார். புரட்சி நடந்த செய்தி பனி உருகிய பிறகுதான் மேலே போய்ச் சேர்ந்தது. அதுவரை தலை போன ராஜாவின் நீண்ட ஆயுளுக்காகப் பூசையில் வேண்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய போருக்குப் போய்த் திரும்பாத பையன்களின் பெயர்கள் கோயில் சுவரில் கல்லில் இருக்கின்றன. இன்று ஊரில் மூச்சுவிடுகிறவர்களைவிட அந்தப் பெயர்கள் அதிகம்.

சரிவு அப்படி இருப்பதால், வெர்சோலில் கையை விட்டுப் போனது எதுவும் ரிவாலில்தான் போய் நிற்கும். உருளைக்கிழங்கு, பூசணி, ஒருமுறை ஒரு முழுப் பாலாடைக்கட்டி, ஒருமுறை குடித்துவிட்டு வேலி தாண்டிய ஒரு மாப்பிள்ளை. இதற்காகச் சண்டை போட்டுப் போட்டு அலுத்த இரண்டு ஊரும் ஏதோ ஒரு காலத்தில் ஒரு சட்டம் செய்துகொண்டன: உருண்டது நின்ற இடத்துக்குச் சொந்தம். மண்ணுக்கு மட்டும் இந்தச் சட்டத்தை வெர்சோல் ஒப்புக்கொண்டதில்லை. மழையும் உழவும் மண்ணைக் கீழே கீழே தள்ளும். அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும், விதைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வயலின் அடி வரப்பிலிருந்து மண்ணை வெட்டி, முதுகுக்கூடையில் போட்டு, வயலின் தலைக்குச் சுமந்துகொண்டு போய்க் கொட்டுவார்கள். அப்பன் சுமந்த மண்ணை மகன் சுமப்பான், மகன் சுமந்ததை மருமகள் சுமப்பாள், அதே மண் மறுபடி இறங்கும், மறுபடி ஏறும். வெர்சோல் வீட்டில் பெண் கேட்கிறவனும் அந்த வீட்டு வயல் மண்ணை ஒரு கூடையாவது இறக்கி வைக்காமல் மேலே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கொட்டாதவன் கேட்டது காதில் விழாது.

ஒதீல் வெர்சோலின் மேயர். ஐம்பது தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், மேயர் அலுவலகம் அவர் சமையலறைதான். அன்செல்ம் ரிவாலின் ரொட்டிக்காரர், ஒதீலைவிடக் கொஞ்சம் மூத்தவர், இடது முட்டியில் வலி. தினமும் காலையில் சூடான ரொட்டிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு மலையேறி, ஒவ்வொரு கதவிலும் தொங்கும் துணிப்பையில் ரொட்டியைப் போட்டுக்கொண்டே வருவார். ஒதீலின் கதவில் மட்டும் பை தொங்காது. அங்கே உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு காப்பி குடித்து, மாவு ஈரமாக வந்ததையும் விறகு காயாததையும் பேசிவிட்டு, தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். எத்தனையோ வருஷமாக இதுதான். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை என்பது வெர்சோலின் ஆடுகளுக்குக்கூடத் தெரியும். சொல்ல வேண்டிய இரண்டு பேர் மட்டும் மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வசந்தத்திலும் வெர்சோல்காரர்கள் மண் சுமந்தார்கள். சுமந்து முடித்த வாரம் நான் தபாலோடு ஏறிப்போனபோது, ஊர்ப் பெயர்ப் பலகை மட்டும் தனியாக ஒரு புல்வெளியில் நின்றுகொண்டிருந்தது. ஊர் அதற்கு மேலே, ஒரு பனைமர உயரத்தில் இருந்தது. ஆடு மேய்க்கும் ஃபிர்மின் வேலியில் சாய்ந்து நின்று புகைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன முசியே ஃபிர்மின், ஊரு மேல போயிருக்கு?" என்றேன்.

"ஆமா, கொஞ்சம் ஏறியிருக்கு. மதியம் சூப்பு குடிச்சிட்டு காப்பி வைக்கிறதுக்குள்ள ஏறிடுது. எனக்குத் தபால் இருக்கா?"

"ஏன் ஏறுதாம்?"

"இத்தனை நூறு வருஷமா தூக்கிட்டுத் தூக்கிட்டுப் போறோமில்ல மதாம் அமலோ, மண்ணுக்கு வழி பழகிப்போச்சு" என்றார் அவர். அதற்குமேல் அந்த ஊரில் யாரும் காரணம் தேடவில்லை.

தினமும் மதியம், சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் காப்பித் தண்ணீர் கொதிப்பதற்குள், வெர்சோல் வயலோடும் வேலியோடும் கோயிலோடும் கல்லறைகளோடும் நீரூற்றோடும் ஓர் ஆள் உயரம் ஏறியது. தட்டு உடையவில்லை; தொட்டிலில் குழந்தை விழிக்கவில்லை என்று சொல்ல ஊரில் தொட்டிலே இல்லை. கோழி வளர்க்கும் ழெர்வேஸ் மட்டும், ஊர் ஏறும்போது கோழிகள் ஒற்றைக் காலில் நிற்பதாகச் சொன்னாள். தண்ணீர்க் குழாய்க்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே போனார்கள். பெயர்ப் பலகையைப் பிடுங்கிக்கொண்டுபோய் நட்டார்கள், மறுவாரம் மறுபடி பிடுங்கினார்கள், பிறகு ஃபிர்மின் அதை ஒரு ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டார். வெர்சோலின் கோயில் மணி ரிவாலில் தாமதமாகக் கேட்கத் தொடங்கியதால், ரிவால்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பிந்தி உட்கார்ந்து, அதில் ஒரு குறையும் இல்லை என்று கண்டுகொண்டார்கள்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து அளவுக்கருவியோடு ஒருவர் வந்தார். காலையில் அளந்தார். ழெர்வேஸ் கொடுத்த சூப்பைக் குடித்தார், மதியம் அளந்தார், கருவியைத் தட்டிப் பார்த்தார், மறுபடி அளந்தார். "கருவி சரியாத்தான் இருக்கு மதாம், உங்க ஊருதான் தப்பா இருக்கு" என்று ஒதீலிடம் வருத்தமாகச் சொன்னார். ஊர் ஓரிடத்தில் நிற்கும்படி மேயர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பிறகு அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஊரிடம் சொல்கிறேன் என்று ஒதீல் பதில் அனுப்பினார். அன்று மாலை நீரூற்றுப் பக்கம் நின்று நிஜமாகவே சொன்னார் என்று ழெர்வேஸ் சத்தியம் செய்கிறாள்.

அப்படியே கோடை போய், இலையுதிர்ந்து, கல்லறைத் திருநாளும் வந்தது. மறுவாரம், வழக்கப்படி மாமியாரின் நிழல் வந்து மூட வேண்டிய நாளில், வெர்சோல்காரர்கள் விளக்குத் திரிகளைக் கத்தரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நிழல் வந்தது; ஆற்றை மூடியது, ரிவாலை மூடியது, காட்டை மூடியது, வெர்சோல் பழைய காலத்தில் நின்ற இடத்தையும் மூடியது, மேலே வந்தது, கடைசி வயலின் அடி வரப்பைத் தொட்டது, அங்கேயே நின்றுவிட்டது. ஊர் முழுக்க வெயில். கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை, அசைந்தால் போய்விடுமோ என்ற பயம். பிறகு ஃபிர்மின் தன் நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்து ழெர்வேஸ் மெத்தையைக் கொண்டுவந்தாள், மற்றவர்கள் மேசையை, பீப்பாயை, அக்கார்டியன் வாத்தியத்தைக் கொண்டுவந்தார்கள். கடைசியில் ஒதீல் உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த தன் அப்பா அம்மாவின் படத்தைக் கழற்றிக்கொண்டுவந்து வெயிலைப் பார்க்கச் சாய்த்துவைத்தார். உடனே எல்லா வீட்டிலிருந்தும் படங்கள் வந்தன. நவம்பர் வெயிலைத் தங்கள் ஊரில் ஒருநாளும் பார்க்காமலே செத்துப்போனவர்கள், மீசையோடும் முக்காட்டோடும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயில் காய்ந்தார்கள். அன்றைக்கு நான் தபாலைக் கொடுக்க மறந்து ஆடிவிட்டு வந்தேன். எனக்குக் குருதியில் வெயில் உள்ளவள் என்ற திமிர் உண்டு. ஆனால் அந்த மனிதர்களைப் போல வெயிலை யாரும் மதித்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் அன்செல்மும் இருந்தார். மதியம் தாண்டித்தான் வந்து சேர்ந்தார், ரொட்டி ஆறிப்போயிருந்தது. ஊர் ஏற ஏற அவருடைய பாதை நீண்டுகொண்டே போனது என்பதை, வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்த யாரும் யோசிக்கவில்லை. கூரையேறிக் கோழி பிடிக்க முடியாத முட்டியை வைத்துக்கொண்டு அவர் தினமும் வானம் ஏறிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் காப்பியோடு மாவைப் பற்றிப் பேசுவார். இப்போது பேச மூச்சு மிச்சமில்லாமல் காப்பியைக் குடித்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் இறங்க வேண்டுமே என்று கிளம்புவார். முதல் பனி விழுந்த வாரம் டாக்டர் அவர் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி மலையேறினால் ஒருநாள் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். மறுநாள் ரொட்டிகளை என் தபால் பையில் போட்டுக் கொண்டுபோனவள் நான்.

ஒதீல் வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார். கோப்பை இரண்டு மேசைமேல் இருந்தது.

"முட்டியா?" என்றார்.

"முட்டிதான் மதாம். இனிமே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவர் ரொட்டியை வாங்கி மேசையில் வைத்தார். ரொட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானும் அவரும் ஒண்ணும் பேசிக்கிட்டதில்ல அமலோ. மாவு, விறகு, அவ்வளவுதான். ஆனா அவரு வந்து உட்கார்ந்துட்டுப் போனாத்தான் எனக்கு அன்னிக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி. அவரு வராத ஊருல வெயிலு வந்து என்ன?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சூசைநாதன் தினமும் வீட்டில்தான் இருக்கிறார், நான் அவரைத் தினமும் திட்டுகிறேன்; அன்று மாலை திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒதீல் ஊரைக் கூட்டினார். ஊர் மேலும் ஏறாமல் நிறுத்த வழி இருக்கிறதா, கொஞ்சம் இறக்கத்தான் வழி இருக்கிறதா என்று கேட்டார். எதற்காக என்று அவர் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஃபிர்மின் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே எழுந்தார்.

"ஒதீல், உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். நீ சந்தோஷமா இருக்கணும்னு எனக்கு இல்லையா? ஆனா இந்த வருஷம்தான் என் மூட்டு வலி நின்னுருக்கு. ழெர்வேஸ் கோழி குளிர்காலத்துல முட்டை விடுது. நம்ம அப்பனெல்லாம் இருட்டுல கிடந்து செத்தாங்க. இந்த வெயில விட்டுக் கொடுன்னு நீ கேட்டா நான் கொடுப்பேன். கேக்காத."

ஒதீல் கேட்கவில்லை. ஒரு ஊரின் வெயிலைத் தன் காப்பிக்காகக் கேட்பது நியாயமில்லை என்று என்னிடம் பிறகு சொன்னார்.

மறுநாள் காலை வெர்சோலின் வரலாற்றில் யாரும் செய்யாத ஒன்றை அவர் செய்தார். முதுகுக்கூடையை மாட்டிக்கொண்டு, தன் வயலின் தலையில் பனியை விலக்கி, மண்ணை வெட்டிக் கூடையில் போட்டு, வயலின் அடி வரப்புக்குச் சுமந்துகொண்டுபோய்க் கொட்டினார். மேலிருந்து கீழே. ழெர்வேஸ் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். விளக்கு வைத்த நேரத்தில் வீட்டைப் பெருக்கிக் குப்பையை வாசலில் கொட்டினால் எங்கள் தெருவில் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தது ஊர். அன்று மதியம், சூப்புக்கும் காப்பிக்கும் நடுவே, வெர்சோல் முழுவதும் வழக்கம்போல ஓர் ஆள் உயரம் ஏற, ஒதீலின் வீடு மட்டும், வயலோடும் புகைபோக்கியோடும், வரிசையை விட்டு ஓர் ஆள் உயரம் கீழே இறங்கியது. இறங்கும் வழி மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல் விழுந்த வாய் மாதிரி ஊருக்கு நடுவே ஒரு சந்து.

அதே வாரத்தில் ஒரு காலை நான் ரிவாலில் ரொட்டி வாங்கப் போனால், கடையில் ஆளில்லை. கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். அன்செல்ம் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்து மண்ணை ரொட்டிக் கூடையில் அள்ளிப் போட்டு, முக்கி முனகித் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி நாலு எட்டு மேலே போய், தன் கொல்லைச் சுவரோரம் கொட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன செய்றீங்க முசியே அன்செல்ம்?"

அவர் வெட்கப்பட்டார். அந்த வயதிலும் காது சிவந்தது. "வெர்சோல் வீட்டுல கேக்கணும்னா மண்ணு சுமக்கணுமாமே."

"அது அவங்க வயல் மண்ணு. அவங்க வயல்ல, கீழேயிருந்து மேல. உங்க கொல்லை மண்ண உங்க கொல்லையில சுமந்து என்ன ஆகும்?"

"அங்க வரைக்கும் போக முட்டி விடல மதாம். இருக்கிறவன் இருக்கிற மண்ணத்தான சுமக்க முடியும்? தினம் ஒரு கூடை சுமந்தா, கேட்டவன்னு ஒரு பேராவது இருக்கட்டும்."

ரொட்டிச் சட்டம் தெரிந்த அளவுக்கு மண் சட்டம் தெரியாத மனிதர். தப்பைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் நான் போனபோது ரொட்டிக்கடை பழைய இடத்தில் இல்லை. ரிவாலின் பெண்கள் பையோடு சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேலே, அடுப்பு எரிந்தபடி, புகை விட்டபடி, ரொட்டிக்கடை ஓர் ஆள் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. அன்செல்ம் சன்னலில் நின்று ரொட்டி விற்றுக்கொண்டே, தானாக நடந்தது என்பதால் தன்மேல் தவறில்லை என்று எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார்.

வெர்சோலுக்கும் ரிவாலுக்கும் நடுவே ஊசியிலைக் காடும் ஒரு வளைவும் இருப்பதால், மேலே நடப்பது அன்செல்முக்குத் தெரியாது, கீழே நடப்பது ஒதீலுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நான். என் வாயைப் பற்றிச் சூசைநாதனைக் கேட்டால் சொல்லுவார், அதில் ரகசியம் ஊறாது, வழிந்துவிடும். ஆனால் தபால்காரி ஒருவர் கையால் கொடுத்ததைத்தான் இன்னொருவர் கையில் சேர்க்க வேண்டும். கொடுக்காததைக் கொண்டுபோனால் அது திருட்டு. அந்த நியாயத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினேன். அவர்கள் இரண்டு பேரிடம் மட்டும்தான். மற்ற எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆகவே இரண்டு ஊரும் சேர்ந்து பார்க்கத் தொடங்கின. ஒதீலும் அன்செல்மும் எங்கே சந்திப்பார்கள் என்று பாலாடைக்கட்டியைப் பந்தயம் வைத்தார்கள். பந்தயம் கெட்டுவிடும் என்று அவர்கள் இரண்டு பேர் காதில் மட்டும் யாரும் போடவில்லை. வயலில் ஒதீல் ஒரு நாளைக்கு எத்தனை கூடை கொட்டினாலும் வீடு ஓர் ஆள் உயரம்தான் இறங்கும், கொட்டாத நாளில் இறங்காது. கீழே அன்செல்முக்கும் அதேதான். ஃபிர்மின் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்நிய ஊர் மண்ணைச் சுமந்தவனுக்கெல்லாம் வெர்சோல் பெண்ணைக் கொடுக்க முடியாது, வழக்கம் என்று ஒன்று இருக்கிறது என்றார்.

"எது அந்நிய மண்ணு?" என்றாள் ழெர்வேஸ். "நானூறு வருஷமா மழையில நம்ம வயல்லேர்ந்து ஓடிப்போனதெல்லாம் எங்க போயி நின்னுச்சாம்? அந்தாளு கொல்லையிலதான். அதான் ஒரே கூடையில வழி தெரிஞ்சு ஏறிக்கிட்டு வருது. நம்ம மண்ண நம்ம கிட்டக் கொண்டாந்து கொடுக்கிறான் மனுஷன், அவனைப் போயி."

ஃபிர்மின் ஆட்டைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பரில் ஒருநாள், மதியம், ஒதீலின் வீடு நிழலுக்குள் இறங்கியது. நான் அப்போது அங்கே இருந்தேன். சூப்புக் கிண்ணத்தை வைத்தார். மேசைமேல் கிடந்த வெயில் விளிம்புக்கு நகர்ந்து, அவர் கைமேல் ஒரு நொடி இருந்து, போனது. மேலே ஊரில் அக்கார்டியன் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் எழுந்து பட்டப்பகலில் விளக்கை ஏற்றினார், காப்பி வைத்தார். கையைப் பார்த்தேன், கூடைக் கயிறு இழுத்துத் தோல் உரிந்திருந்தது. "போதும் மதாம்" என்று வாய்வரை வந்தது. அவரோ ஏதோ திருவிழாவுக்குப் புறப்படுகிறவர் மாதிரி தலையை வாரிக்கொண்டு, மண்வெட்டியைத் தேடினார்.

மண்வெட்டி வயலில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஃபிர்மின் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் மண் நிரம்பிய கூடை ஒன்று.

"வெயிலுல நிக்கிற எங்களுக்கு உடம்புல தெம்பு இருக்கு. நீ உள்ள போயி கைக்கு எண்ணெய் போடு" என்றார். பிறகு, வழக்கம் கெட்டுப்போய்விடக் கூடாது என்ற கவலையோடு, "ஆனா கடைசிக் கூடை நீதான் கொட்டணும்" என்று சேர்த்துக்கொண்டார். மறுநாள் முதல் வெர்சோல் முழுவதும் முறை வைத்து இறங்கிவந்து ஒதீலின் மண்ணைச் சுமந்தது. கீழே ரிவால்காரர்கள் அன்செல்மின் கூடையைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார்கள். அதே கைகள்தான் ஒரு காலத்தில் பூசணிக்காய்க்குச் சண்டை போட்டவை.

பிறகு என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையின் முடிவு அது இல்லை. அடுத்த வசந்தத்தில் இரண்டு ஊர்க்காரர்களும் கூடி உட்கார்ந்து பேசி, மண்ணை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு நீங்கள் போனால், குளிர்காலத்தில் வெர்சோல் மேலே வெயிலில் இருக்கும், கோடையில் ரொட்டிக்கும் தபாலுக்கும் வசதியாக இறங்கிவந்து நிற்கும்; ரொட்டிக்கடையும் மேயர் வீடும் அதோடு கூடவே போய்வரும். மாவட்ட அலுவலகத்தின் வரைபடத்தில் எல்லா ஊரும் மையில் இருக்க, வெர்சோல் மட்டும் பென்சிலில் இருக்கிறது. அளக்க வந்த அந்த மனிதர் வருஷா வருஷம் ரப்பரோடு வருகிறார், சூப்புக்காகத்தான் வருகிறார் என்பது ழெர்வேஸின் எண்ணம்.

ஒதீலும் அன்செல்மும் சந்தித்தது ஜனவரியில் ஒரு நாள். காட்டின் நடுவே வெட்டவெளியாக ஒரு திட்டு உண்டு. ஒதீலின் வீடு அதன் மேல் விளிம்பிலும் ரொட்டிக்கடை கீழ் விளிம்பிலும் வந்துவிட்டதால், அன்று இரண்டு ஊரும் மரங்களுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றன. ஒருவர் வீடு இன்னொருவருக்குத் தெரியாதபடி நடுவில் பனி மூட்டம். நான் ஒதீலின் சமையலறையில் இருந்தேன். கையெழுத்து வாங்க வேண்டிய பதிவுத் தபால் ஒன்றை வேண்டுமென்றே அன்று காலை முழுவதும் பைக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒதீல் சூப்பைக் குடித்து முடித்தார். காப்பிக்குத் தண்ணீர் வைத்தார். தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கியபோது பாத்திரங்கள் லேசாக ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பிறகு வீடு நின்றது. ஒதீல் மூக்கை உயர்த்தினார். ரொட்டி வேகும் வாசனை. கதவு வழியாக இல்லை, சுவர் வழியாக. அவர் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். சுவர் சுட்டது. அந்தப் பக்கம் அடுப்பின் முதுகு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கன்னத்தையும் சுவரில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்; திரும்பிக்கொண்டே பார்த்தேன்.

கதவைத் திறந்தால், பக்கத்திலேயே இன்னொரு கதவு. அதில் மாவுக் கையோடு அன்செல்ம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பூனை நுழைய இடமில்லை. அவர் ஒதீலைப் பார்த்தார், ஒதீலின் கையில் உரிந்திருந்த தோலைப் பார்த்தார், பனியில் இரண்டு பக்கமும் நீண்டு கிடந்த மண் தடங்களைப் பார்த்தார், புரிந்துகொண்டார். எத்தனையோ நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் அவருக்கு மறந்துபோனது என்பது முகத்தில் தெரிந்தது.

"இன்னிக்கு ரொட்டி சூடா இருக்கு மதாம்" என்றார்.

"காப்பி ஆயிட்டு இருக்கு, வாங்க" என்றார் ஒதீல்.

அவர் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பியைக் குடித்தார். மாவு ஈரமாக வந்ததைச் சொன்னார், ஒதீல் கேட்டார். விறகு காயாததைச் சொன்னார், ஒதீல் கேட்டார். மரங்களுக்குப் பின்னால் இரண்டு ஊரும் குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றன. கோப்பை காலியானதும், எத்தனையோ வருஷப் பழக்கம், அன்செல்ம் எழுந்து தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, இறங்க வேண்டிய தூரத்தை நினைத்து முட்டியைத் தடவிவிட்டு, கதவைப் பார்த்து நடந்தார்.

"எங்க போறீங்க?" என்றார் ஒதீல்.

"வீட்டுக்கு."

"வந்தாச்சு" என்றார் ஒதீல். அவர் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி, சூடான அந்தச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார்.